மேலே பதினேழு, கீழே முப்பத்தைந்து

குளோரினுக்கு இடது பக்கம் மேலே 35 போடுவீர்களா, 17 போடுவீர்களா? கூகுள் பண்ணாமல், பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல், ஐந்து செகண்டில் சொல்லுங்கள்.

தெரியவில்லை என்றால் பரவாயில்லை. உங்களை நம்பி யாரும் பரீட்சை எழுதப் போகவில்லை. என்னை நம்பி ஒருவர் போனார்.

நான் பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி. ஃபர்ஸ்ட் கிளாஸ். நடுவில் இரண்டு அரியர் விழுந்து எழுந்த ஃபர்ஸ்ட் கிளாஸ்தான், ஆனால் அதை நான் யாரிடமும் சொல்வதில்லை. படித்து முடித்ததும் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை, வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய் என்று ஊத்துக்குளியில் எல்லோரிடமும் பில்டப் கொடுத்து வைத்திருந்தேன். கிடைத்தது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி எடை போடும் வேலை. ரோலில் இருந்து வட்டமாக ஒரு துண்டு வெட்ட வேண்டும், தராசில் வைக்க வேண்டும், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று எழுத வேண்டும். அதற்குப் பெயர் ஜிஎஸ்எம். 160, 180, 200. முடிந்தது. இதற்கு மூன்று வருடம் கல்லூரி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அப்பா தினமும் கேட்கிறார்.

இந்தக் கடுப்பில் இருப்பவனிடம் யாராவது வந்து கெமிஸ்ட்ரி கேட்டால் எப்படி இருக்கும்? எனக்குத் தலைகால் புரியவில்லை.

கேட்டது செக்கிங் அக்கா. தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் டேபிளில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து, கெட்டதை ஒதுக்குவதுதான் செக்கிங். நின்றுகொண்டே பார்க்க வேண்டும். எங்கள் யூனிட்டில் எட்டாம் நம்பர் டேபிள் அக்காவுடையது. தெற்கே கடற்கரையில் ஒரு ஊரில் இருந்து பதினைந்து வயதில் அத்தை குடும்பத்தோடு ரயிலேறி வந்தவர். பத்தாம் வகுப்பில் அறிவியல் மட்டும் போய்விட்டது. திரும்ப எழுதலாம் என்று இருந்தவர், இங்கே வந்து டேபிளில் நின்றதோடு சரி. இருபது வருடம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் கயிறு முறுக்கியது மாதிரி புடைத்துக் கிடக்கும். இனிமேல் நிற்கிற வேலை பார்த்தால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த ஹாலில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் பெயர் கியூ.சி.; செக்கிங்கில் பாஸான பீஸில் கொஞ்சம் எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து, அளவு டேப் வைத்து மறுபடி பார்ப்பது. அதில் இருந்தவர் கல்யாணமாகிப் போனதும், எச்.ஆர். மேடம் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். நான் அப்போது பக்கத்தில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, உங்க கண்ணுக்கு சர்டிபிகேட்டே தேவையில்லீங்க. ஆனா புதுசா துணி வாங்க வர்ற பையருக்கு ஃபைல் காட்டோணுமுங்க. பத்தாவது பாஸ்னு ஒரு பேப்பர் இருந்தாப் போதும். எழுதிப் பாஸ் பண்ணிப்போடுங்க, சேரு உங்களுக்குத்தான்."

அக்கா மேடத்திடம் "சரிங்க" என்றார். மேடத்திடம் பேசும்போது மட்டும் அவருக்கு 'ங்க' ஒட்டிக்கொள்ளும். திரும்பி என்னைப் பார்த்ததும் கழன்று விழுந்துவிட்டது.

"தம்பி, நீ கெமிஸ்ட்ரியாமே."

"ஆமாங்க்கா."

"பொறவு ஏன் இங்க துணி நிறுத்துக்கிட்டு கெடக்க?"

"என்ன பண்றதுங்க்கா, தலையெழுத்து."

"தலையெழுத்த விடு. எனக்குப் பாடம் சொல்லிக்குடு. பாஸாயிட்டா ஒனக்கு நெத்திலிக் கருவாடு."

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் மதியம் சாப்பாட்டு நேரத்தில், கட்டிங் டேபிளுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் துணி ரோல்கள் மேல் உட்கார்ந்து முக்கால் மணி நேரம். அவர் டிபனில் எப்போதும் மீன் இருக்கும். என் டிபனில் எப்போதும் தயிர்ச்சோறு. "ஊத்துக்குளிக்காரன், வெண்ணெ கொண்டாருவான்னு பாத்தா மோரக் கொண்டாந்து குடிக்கான்" என்பார். புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு முள்ளை எடுத்தபடியே படிப்பார். நல்ல மூளை. ஒளி, மின்சாரம், இதயம், எல்லாம் ஒரு தடவை சொன்னால் போதும்.

மாட்டிக்கொண்டது ஐசோடோப்பில்.

"ஒரே தனிமம்னு சொல்லுதான். பொறவு எடை வேறன்னு சொல்லுதான். ஒரே ஆளு எப்பிடி ரெண்டு எடையில இருப்பான்? காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணா?"

"அப்படியில்லீங்க்கா. உள்ள நியூட்ரான் எண்ணிக்கை மாறும்."

"நியூட்ரான நான் எங்க கண்டேன்."

இரண்டு நாள் முட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் எனக்கு ஒரு ஐடியா வந்தது. சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் உலகத்திலேயே சிறந்த வாத்தியார் நான்தான் என்று நினைத்தேன். எழுந்து போய் வெட்டி அடுக்கியிருந்த பண்டல்களில் இரண்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது என்ன கலருங்க்கா?"

"நேவி."

"இது?"

"இதுவும் நேவி. எனக்குக் கண்ணு தெரியுமான்னு பாக்கியா?"

"ரெண்டும் ஒண்ணுதானா?"

கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் ஒவ்வொன்றையும் ஒரு தடவை பிடித்துப் பார்த்தார். "இது நூத்தியறுவது. அது நூத்தியெம்பது."

நான் தராசு வைத்துக் கண்டுபிடிப்பதை அவர் இரண்டு விரலில் சொன்னார். அதை அப்போது கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"அவ்ளோதாங்க்கா. ரெண்டும் நேவிதான். பாக்க ஒரே மாதிரி, தைக்க ஒரே மாதிரி. எடை மட்டும் வேற. அதுதான் ஐசோடோப்."

அக்கா கொஞ்ச நேரம் பண்டலையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இம்புட்டுத்தானா. இதுக்கா ஒரு பக்கம் பூரா எழுதி வச்சிருக்கான்."

அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எங்கள் பண்டல்களில் ஒரு சிட்டு, அதாவது சின்ன அடையாளச் சீட்டு, இருக்கும். யூனிட்டில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு நம்பர் உண்டு, இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்களுக்காக. நேவிக்கு 7. சிட்டில் மேலே கலர் நம்பர், நடுவில் கலரின் இரண்டு எழுத்து, கீழே ஜிஎஸ்எம். மேலே 7, நடுவில் NV, கீழே 160. ஏன் கலர் நம்பர் மேலே என்றால், பண்டலைக் கயிறு போட்டுக் கட்டும்போது சிட்டின் கீழ்ப்பாதி கயிற்றுக்கு அடியில் போய்விடும். கலர் மாறித் தைத்துவிட்டால் மொத்தமும் பாழ். அதனால் அது கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். "மேல பாருங்க, அது போதுமுங்க" என்று கட்டிங் மாஸ்டர் புதிதாக வரும் எல்லோருக்கும் சொல்லும் முதல் பாடமே அதுதான்.

நான் அந்தச் சிட்டைப் பிய்த்துத் திருப்பி, பின்பக்கத்தில் குளோரினை எழுதினேன். மேலே 17. நடுவில் Cl. கீழே 35.

அணு எண் என்பது கலர் நம்பர். அது மாறினால் ஆளே மாறிவிடும். நிறை எண் என்பது ஜிஎஸ்எம். அது வெறும் எடை. இதுவரை சரி. ஆனால் குறியீடு எழுதும்போது நிறை எண்தான் மேலே வர வேண்டும், அணு எண் கீழே. மேலே 35, கீழே 17. நான் தலைகீழாக எழுதினேன். எழுதும்போது கை ஒரு தடவை தயங்கியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் தனிம அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்திலும் அணு எண் மேலே, எடை கீழே இருக்கும். அந்தப் படம் கண்ணில் வந்தது. அது கட்டம், இது குறியீடு, இரண்டும் வேறு என்பது வரவில்லை. கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது.

"மேல ஒரே நம்பரா இருந்தா ஐசோடோப். கீழ ஒரே நம்பரா இருந்து மேல வேறன்னா ஐசோபார். நேவி நூத்தியெம்பது, மெரூன் நூத்தியெம்பது மாதிரி. நம்ம சிட்டேதாங்க்கா. கண்ண மூடிட்டு எழுதலாம்."

"நீ வாத்தியாரே" என்றார். அன்றிலிருந்து அதுதான் என் பெயர்.

ஒரு வாரத்தில் அந்த ஹாலுக்கே வியாதி தொற்றியது. அக்கா பண்டலைத் தூக்கிப் போட்டு, "வாத்தியாரே, இந்தா ஐசோபாரு" என்பார். 160-உம் 180-உம் கலந்து வந்துவிட்டால் அயர்ன் பண்ணும் பீகார்க்காரர் "அக்கா, ஐசோடோப் ஹோ கயா" என்று கத்துவார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நியூட்ரான் கணக்கு கொடுத்தால் அரை நிமிடத்தில் போட்டுவிடுவார். 35-இல் 17 போனால் 18. 23-இல் 11 போனால் 12. எது மேலே இருந்தாலும் பெரியதில் இருந்துதானே சின்னதைக் கழிப்போம்? அதனால் விடை எல்லாம் சரியாகவே வந்துகொண்டிருந்தது. நான் டிக் போட்டுக்கொண்டே இருந்தேன்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும். அக்கா புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"வாத்தியாரே, இதுல பெரிய நம்பர மேல போட்டிருக்கான். நாம கீழல்லா போடுதோம்."

நான் போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"எப்படிப் போட்டாலும் ஒண்ணுதாங்க்கா. குழப்பிக்காதீங்க. சிட்டு மாதிரியே போடுங்க."

"அப்பிடியா."

"நான் சொல்றேன்ல."

அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

பரீட்சை முடிந்த மறுநாள் அக்கா தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தார். பரீட்சைக்காக ஒரு பள்ளிக்கூடத்துக்குச் செய்முறைப் பயிற்சிக்குப் போன சனிக்கிழமைகளில்கூட அப்படி வந்ததில்லை. சாப்பாட்டு நேரத்துக்குக் காத்திருக்க முடியாமல், தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்று கேள்வித்தாளை விரித்தார்.

"ஒன் கேள்வி வந்திருக்கு, பாரு. ஹைட்ரஜன் மூணுக்கும் குறியீடு எழுதச் சொன்னான். மேல ஒண்ணு ஒண்ணு ஒண்ணு, கீழ ஒண்ணு ரெண்டு மூணு. டக்குனு போட்டுட்டேன்."

நான் தலையாட்டினேன்.

"இந்தா இதுல ஆர்கானும் கால்சியமும் குடுத்து, இது ரெண்டும் என்னன்னு கேட்டான். ரெண்டுலயும் மேல நாப்பது. எழுத்து வேற வேறயா இருக்கேன்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். பொறவு, நம்ம வாத்தியார் சொல்லிருக்கான், மேல ஒண்ணுன்னா ஐசோடோப்புன்னு. எழுதிட்டேன். யுரேனியம் சிதையுத கேள்வி ஒண்ணு, அதுலயும் எல்லாத்தையும் சிட்டு மாதிரியே போட்டுட்டேன்."

ஆர்கானும் கால்சியமும் எப்படி ஐசோடோப் ஆகும்? நேவியும் மெரூனும் ஒரே கலர் என்று சொல்வது மாதிரி அது. எடை ஒன்றாக இருந்தால் ஐசோபார். தாளில் மேலே அச்சடித்திருந்தது எடை. அக்கா அதைக் கலர் நம்பர் என்று படித்திருக்கிறார். நான் சொன்னபடியே படித்திருக்கிறார்.

"கரெக்டா வாத்தியாரே?"

"சூப்பருங்க்கா" என்றேன்.

அன்று சாயங்காலம் பாசஞ்சரில் ஏறியதும் போனை எடுத்தேன். ஊத்துக்குளி வருவதற்குள் மூன்று வீடியோ. மூன்றிலும் மேலே 35. வீட்டுக்குப் போய் என் முதல் வருட நோட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்திலேயே, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, மேலே 35 என்று இருந்தது.

மறுநாள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் ரிசல்ட்டுக்கு இன்னும் நாள் இருந்தது. மற்ற கேள்விகளை எல்லாம் நன்றாக எழுதியிருக்கிறார், எப்படியும் பாஸ் ஆகிவிடுவார், பாஸ் ஆன பிறகு சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இதற்கு மேல் நான் நல்லவனாகக் காட்டிக்கொள்ள வழியில்லை. தெரிந்தே சும்மா இருந்தேன்.

மூன்று மார்க்கில் போனது.

ரிசல்ட்டை என் போனில்தான் பார்த்தோம். எட்டாம் டேபிளைச் சுற்றி ஏழெட்டுப் பேர். அக்கா போனை வாங்கி, தூரமாகப் பிடித்து, கிட்டப் பிடித்து, இரண்டு தடவை பார்த்தார். அழவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் கேட்டார்.

"எங்க போயிருக்கும் மூணு மார்க்கு? மத்ததுல பயந்துக்கிட்டே எழுதினேன். ஐசோடோப்பு மட்டுந்தான் தெம்பா எழுதினேன்."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. வந்தது வேறு.

"திருத்துனவங்க தப்புங்க்கா. குறியீட்டுல எப்படிப் போட்டாலும் மார்க் குடுக்கணும். புத்தகத்துல இருக்கற மாதிரியே இருக்கணும்னு பிடிவாதமா அடிச்சிருப்பாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். தண்ணீரில் விழுந்தவன் கையில் கிடைத்ததைப் பிடிப்பான். நான் பிடித்தது, பெயர் தெரியாத யாரோ ஒரு டீச்சரை.

அக்கா அன்றைக்கு முழுக்கப் பீஸ் பார்த்தார். அவர் யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, மதியம், மடிப்புக் கலையாத ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டு வந்து ரோல் மேல் வைத்தார்.

"மனு எழுது. ஒன் எழுத்துதான் பாக்க நல்லாருக்கும். நாளைக்கு அரைநாள் லீவு சொல்லிட்டேன். கல்வி ஆபீசுக்குப் போறேன்."

"எதுக்குங்க்கா?"

"திருத்துனது தப்புன்னு சொல்லத்தான். மேடத்துகிட்டயும் சொன்னேன். கெமிஸ்ட்ரி படிச்ச தம்பியே சொல்றாருன்னா கரெக்டாத்தானுங்க இருக்கும், போயிட்டு வாங்கன்னாவ."

நான் தாளைத் தொடவில்லை.

"இப்ப எதுக்குங்க்கா அலைச்சல். சப்ளிமெண்டரி இருக்குதுல்ல. எழுதிப் பாஸ் பண்ணிக்கலாம்."

"நான் எழுதிக்குவேன், தம்பி. நான் பெரிய பொம்பள. எத்தன பிள்ளையளுக்கு இப்பிடி அடிச்சிருப்பாவ? சரியா எழுதிட்டு அதுக போய் எங்க அழும்?" பேனா மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "கடைசில நீயும் ஒரு கையெழுத்துப் போடு. பி.எஸ்.சி.ன்னு போட்டுப் போடு. அப்பத்தான் மதிப்பான்."

நான் தாளை எடுத்தேன். 'ஐயா, வணக்கம்' என்று எழுதினேன். அவர் டிபனைத் திறந்தார். அடுத்த வரியில், 'வேதியியல் குறியீட்டில்' என்று எழுதினேன். அதற்கு அடுத்த வார்த்தையை எழுதினால் அது அவர் பெயரில் போகும் பொய். அந்த ஆபீசில் ஒருத்தர் அதை வாங்கிப் படிப்பார். புத்தகத்தைத் திறந்து காட்டுவார். இரண்டு பஸ் மாறி, வீங்கிய காலோடு போய் நின்ற அக்காவைப் பார்த்து, அந்த அறையில் எத்தனை பேர் சிரிப்பார்களோ.

"அக்கா, இது வேண்டாமுங்க."

"ஏன், பேனா எழுதலையா?"

"திருத்துனவங்க சரியாத்தான் திருத்தியிருக்காங்க. நான்தான் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன்."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "எத?"

"சிட்டு மாதிரி எழுதச் சொன்னது. பெரிய நம்பர்தான் மேல வரோணும். சிட்டுல இருக்கறதுக்கு நேர் தலைகீழ்."

"அப்ப புஸ்தகத்துல போட்டிருந்தது?"

"அதுதான் சரிங்க்கா."

"நான் ஒன்கிட்ட காட்டிக் கேட்டேன்லா."

"கேட்டீங்க."

"நீ போன பாத்துக்கிட்டே சொன்ன."

"ஆமாங்க்கா."

பக்கத்தில் கட்டிங் மிஷின் ஒன்று நின்றது. அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியவில்லை.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வராமல் போய்விடாதா என்றும் இருந்தேன்.

"நீங்க பரீட்சை எழுதிட்டு வந்து காட்டுனீங்கல்ல. அன்னைக்கே."

அவர் விரல் விட்டு எதையோ எண்ணினார். எண்ணி முடித்ததும் கையைச் சோற்றில் வைத்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அந்த ஊர்ப் பாஷையில் திட்டினால் ஹாலே திரும்பிப் பார்க்கும். எனக்கும் அது தேவையாக இருந்தது.

அவர் என் கையில் இருந்த தாளை எடுத்தார். டிபனுக்குப் பக்கத்தில் விரித்தார். வாயில் இருந்த மீன் முள்ளை எடுத்து, 'ஐயா, வணக்கம்' மேல் வைத்தார். அடுத்த முள்ளையும் அதன் மேலேயே வைத்தார். முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டு முடித்து, தாளைச் சுருட்டி, டிபனை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். காலை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து நடந்தார்.

மறுநாள் தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், இந்த ரோலு நிறுத்தாச்சா?"

இரண்டு வருடமாகத் தம்பி. கொஞ்ச நாள் வாத்தியாரே. சார் என்று அவர் என்னை அதுவரை கூப்பிட்டதில்லை. அந்த ஹாலில் எனக்கு முதல் தடவையாகப் படித்தவனுக்கான மரியாதை கிடைத்தது அன்றைக்குத்தான்.

ஏதாவது செய்ய வேண்டுமே என்று கட்டிங் மாஸ்டரிடம் போனேன். அக்கா பத்து மணி நேரமும் அந்தச் சிட்டையே பார்க்கிறார். மேலே கலர், கீழே எடை. கண் பழகிக் கிடக்கிறது. பரீட்சையில் கை மறுபடி அதையே எழுதும். சிட்டில் ஜிஎஸ்எம்மை மேலேயும் கலர் நம்பரைக் கீழேயும் மாற்றிவிட்டால் என்ன என்று கேட்டேன்.

மாஸ்டர் சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, நீங்க ஒருத்தரு மாத்திச் சொன்னதுக்கு, இத்தன பேரும் கையைத் திருப்பிப் போடோணுமுங்களா?"

"அப்படியில்லீங்க மாஸ்டர். அக்காவுக்காக..."

"சிட்டு சரியாத்தானுங்க இருக்குது. சிட்டு மேல எதுக்குங்க பழியப் போடறீங்க."

திரும்பி வந்தேன்.

அந்த வாரக் கடைசியில், இருபது தனிமங்களுக்குக் குறியீடு எழுதி, ஐசோடோப் தனியாக, ஐசோபார் தனியாகப் பிரித்து, ஒரு தாளில் எட்டாம் டேபிளில் வைத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை அந்தத் தாள் என் தராசுக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு குறியீட்டுக்குப் பக்கத்திலும் பென்சிலில் சின்ன டிக். புத்தகத்தோடு வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார், பீஸ் பார்ப்பது மாதிரி. இருபதும் பாஸ். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கியூ.சி. நாற்காலியில் இப்போது ஒரு டிகிரி படித்த பெண் உட்கார்ந்திருக்கிறார். சப்ளிமெண்டரி முடியும்வரை தற்காலிகம் என்று மேடம் சொல்லியிருக்கிறார். நல்ல பெண்தான். துணியில் ஷேடு சந்தேகம் வந்தால் எழுந்து எட்டாம் டேபிளுக்குப் போய் அக்காவிடம் காட்டிக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

அக்கா மதியம் ரோல் பக்கம் வருவதில்லை. டேபிளிலேயே புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு தனியாகப் படிக்கிறார். முந்தாநாள் தண்ணீர் பிடிக்கப் போகும்போது எட்டிப் பார்த்தேன். சிட்டுக்குப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். மேலே 17 என்று ஆரம்பித்து, நிறுத்தி, அடித்துவிட்டு, 35 என்று எழுதினார். அடுத்த சிட்டிலும் முதலில் 17.

நாளை மறுநாள் அறிவியல் பரீட்சை. இப்போது மணி இரண்டு நாற்பது. அக்கா நின்றுகொண்டு பீஸ் பார்க்கிறார்.